ஒத்தடத் துணியோடு உலகை எதிர்த்து நின்றவர் – சிஸ்டர் எலிசபெத் கென்னி

பரிசளிப்பு விழா மலருக்கு யாராவது ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டபோது, காந்தியடிகள், அன்னை தெரேசா, எடிசன் என்று பல பெயர்கள் ஞாபகத்துக்கு வந்தன. இவர்களைப் பற்றியெல்லாம் நம் பாடப் புத்தகத்திலேயே படித்துவிட்டோம். ஆகையால் நம்மில் அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு பெண்மணியைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். அவர் டாக்டர் அல்ல. முறையாகத் தாதிப் பயிற்சி பெற்றவரும் அல்ல. ஆனால் ஒரு காலத்தில் அமெரிக்கா முழுவதும் அவர் பெயரை உச்சரித்தது. அவர்தான் ஆஸ்திரேலியா நாட்டுக் காட்டுப்புறத்தில் பிறந்த சிஸ்டர் எலிசபெத் கென்னி. ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

எலிசபெத் கென்னி 1880ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 20ஆம் நாள், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாரியால்டா என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். தகப்பனார் மைக்கேல் கென்னி அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர், விவசாயி. தாயார் பெயர் மேரி. குடும்பம் ஓரிடத்தில் நிலைத்து இருக்கவில்லை. வேலை கிடைத்த பக்கம் போய்க்கொண்டே இருந்தார்கள். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? எலிசபெத்தின் படிப்பும் அப்படித்தான் ஆயிற்று. சின்னச் சின்னக் கிராமப் பள்ளிகளில் கொஞ்ச காலம் படித்தார். அவ்வளவுதான்.

பதின்ம வயதில் ஒரு நாள் குதிரையிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். துவூம்பா என்ற நகரில் இருந்த டாக்டர் ஈனியஸ் மெக்டோனல் அவருக்கு வைத்தியம் பார்த்தார். கை முறிந்ததே ஒரு பள்ளிக்கூடம் ஆகிவிட்டது பாருங்கள்! டாக்டரிடம் இருந்த உடற்கூறுப் புத்தகங்களையும் எலும்புக்கூட்டு மாதிரியையும் இந்தப் பெண் ஆசையோடு பார்த்தாள், படித்தாள். எந்தத் தசை எந்த எலும்பை இழுக்கிறது, எது சுருங்கினால் எது நீளும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். டாக்டரும் அவளை விரட்டாமல் சொல்லிக் கொடுத்தார். சாகும் வரைக்கும் அவர் கென்னிக்கு வழிகாட்டியாகவே இருந்தார். ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் சிடுசிடுக்காமல் பதில் சொல்லும் ஒரு பெரியவர் கிடைத்துவிட்டால் போதும், அந்தப் பிள்ளையின் தலையெழுத்தே மாறிவிடும்.

குதிரையில் வந்த தாதி

வளர்ந்த பிறகு கைரா என்ற ஊரில் இருந்த சிறிய பிரசவ விடுதியில் உதவி செய்து, பார்த்துப் பார்த்தே தாதி வேலையைக் கற்றுக்கொண்டார். பரீட்சை எழுதியோ பதிவு செய்தோ தாதி ஆனதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 1910ஆம் ஆண்டு வாக்கில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நோபி என்ற ஊரில் பெற்றோருடன் இருந்துகொண்டு, கூப்பிட்டவர் வீட்டுக்கெல்லாம் குதிரை ஏறிப் போய் வைத்தியம் பார்த்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை. அந்தப் பக்கமெல்லாம் பெரிய பெரிய மேய்ச்சல் நிலங்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் மைல் கணக்கில் தூரம். டாக்டரை அழைத்து வருவதற்குள் நோயாளியின் கதை முடிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டாலே ஜனங்களுக்குப் பாதி உயிர் வந்துவிடும்.

1911ஆம் ஆண்டில்தான் அந்த முக்கியமான சம்பவம் நடந்தது. ஒரு விவசாயியின் வீட்டில் சின்னப் பிள்ளை ஒன்று காய்ச்சலோடு, கை கால் இழுத்துக்கொண்டு, தொட்டாலே அலறிக்கொண்டு கிடந்தது. கென்னிக்கு அது என்ன நோய் என்றே தெரியவில்லை. டாக்டர் மெக்டோனலுக்குத் தந்தி அடித்தார். அது இளம்பிள்ளை வாதமாக இருக்க வேண்டும், இதற்கு மருந்து கிடையாது, கண்ணில் படும் தொந்தரவுக்குத் தக்கபடி முடிந்ததைச் செய் என்ற பொருளில் பதில் தந்தி வந்தது.

மருந்தில்லாத நோய்க்கு என்ன செய்வது? பிள்ளையின் தசை இறுகிப் போயிருப்பதைக் கென்னி பார்த்தார். சூடு பட்டால் இறுக்கம் தளரும் என்பது அவருக்குத் தெரியும். முதலில் உப்பை வறுத்துப் பையில் கட்டி வைத்துப் பார்த்தார். பிறகு ஆளி விதையை அரைத்துப் பற்றுப் போட்டார். இரண்டும் கேட்கவில்லை. கடைசியாகக் கம்பளித் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, கொதிநீரில் முக்கி, நன்றாகப் பிழிந்து தசையின் மேல் சுற்றினார். பிள்ளையின் அழுகை அடங்கியது, தூங்கியும் விட்டது. இதைக் கென்னியே தமது வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். இதென்ன பெரிய கண்டுபிடிப்பு, நம்ம பாட்டி கொடுக்கிற ஒத்தடம்தானே என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் அந்த ஒத்தடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அடுத்து அவர் செய்ததுதான் டாக்டர்களை எரிச்சல்படுத்தியது.

அக்காலத்து வைத்தியம்

இளம்பிள்ளை வாதத்தைப் போலியோ என்றும் சொல்வார்கள். அது ஒரு வைரஸ் கிருமியால் வருவது. அசுத்தமான கை, தண்ணீர், உணவு வழியாக வாய்க்குள் போகிறது. கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்குச் சாதாரணக் காய்ச்சல் போல வந்து போய்விடும். ஆனால் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குக் கிருமி முதுகுத் தண்டுக்குள் இருக்கும் நரம்பு அணுக்களைத் தின்றுவிடும். அந்த நரம்பு எந்தத் தசைக்குக் கட்டளை கொண்டு போகிறதோ, அந்தத் தசை துவண்டு போகும். மூச்சு விடும் தசை துவண்டால் உயிருக்கே ஆபத்து.

அந்த நாளில் டாக்டர்கள் இதற்கு என்ன செய்தார்கள்? நல்ல தசை ஒரு பக்கம் இழுக்க, பலமில்லாத தசை மறுபக்கம் தளர்ந்து கிடந்தால் கை கால் கோணிப் போகும் என்று பயந்தார்கள். ஆகவே பிள்ளையின் கை காலை மட்டை வைத்துக் கட்டியும், மாவுக்கட்டுப் போட்டும், இரும்புச் சட்டத்தில் பிணைத்தும் அசையவிடாமல் வைத்தார்கள். வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் அப்படியே கிடக்க வேண்டும். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பெரிய கல்லூரிகளில் படித்த முறை அதுதான். ஆனால் அசையாமல் கிடக்கும் கால் என்ன ஆகும்? கொஞ்ச நஞ்சம் பலமிருந்த தசையும் சூம்பிவிடும், மூட்டும் விறைத்துவிடும்.

கென்னி இதற்கு நேர்மாறாகச் செய்தார். கட்டையெல்லாம் அவிழ்த்துப் போடு, ஒத்தடம் கொடு, வலி தணிந்ததும் காலை அசை என்பதுதான் அவர் வழி. அக்காலத்து டாக்டர்களின் காதுக்கு இது பிள்ளையை முடமாக்கும் வழியாகவே கேட்டது.

கப்பலில் கிடைத்த பட்டம்

பிறகு கென்னி கிளிஃப்டன் என்ற ஊரில் ஒரு சிறிய மருத்துவ விடுதி நடத்தினார். முதல் உலகப் போர் வந்தது. 1915இல் ஆஸ்திரேலிய ராணுவத் தாதிப் படையில் சேர்ந்தார். காயம்பட்ட சிப்பாய்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டு வரும் கப்பல்களில் வேலை. எதிரி கண்ணில் படாமலிருக்க விளக்கை அணைத்துவிட்டுப் போகும் கப்பல்கள் அவை. 1917ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி அவருக்குச் சிஸ்டர் என்ற பதவி உயர்வு கிடைத்தது. சிஸ்டர் என்றவுடன் கன்னிகாஸ்திரி என்று நினைத்துவிட வேண்டாம். அது ராணுவத் தாதிகளுக்குள்ள ஒரு தரம். கென்னி அந்தப் பட்டத்தைத் தம் ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டார்.

போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு ஒரு விபத்து நடந்தது. சில்வியா என்ற சிறுமி குதிரை இழுத்து வந்த ஏரில் சிக்கிப் பலத்த காயம்பட்டாள். கென்னி ஓர் அலமாரிக் கதவைக் கழற்றித் தூக்குக் கட்டிலாக்கி, பிள்ளையை அதில் அசையாமல் கட்டி டாக்டரிடம் கொண்டு போனார். அந்த அனுபவத்தை வைத்து, நோயாளிக்கு அதிர்ச்சி தட்டாமல் தூக்கிச் செல்லும் ஒரு கட்டிலை அமைத்து, 1927இல் சில்வியா என்ற பெயரிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். அதில் வந்த வருமானம் பிற்காலத்தில் அவருக்குக் கை கொடுத்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேரி என்ற பெண்ணைத் தத்தெடுத்து வளர்த்தார். அந்த மகளே பிறகு அவருடைய சிகிச்சை முறைக்கு வலது கையானாள்.

கொல்லைப்புற மருத்துவமனை

1932ஆம் ஆண்டு. கென்னிக்கு வயது ஐம்பத்திரண்டு. நம் ஊரில் பேரப்பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வயது. அவரோ டவுன்ஸ்வில் என்ற நகரில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூரை போட்டு வைத்தியம் தொடங்கினார். டாக்டர்கள் கைவிட்ட பிள்ளைகள்தாம் முதலில் வந்தார்கள். இரும்புச் சட்டம் மாட்டியவர்கள், வருஷக் கணக்கில் படுத்தவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

அவர் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கம்பளித் துணியை அந்தந்தத் தசையின் அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். கொதிநீரில் போட்டு எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாதபடி உருளையில் கொடுத்துப் பிழிய வேண்டும். தண்ணீர் இருந்தால் தோல் வெந்துவிடும். அதைத் தசையின் மேல் போட்டு, மேலே நீர் புகாத துணி, அதற்கும் மேலே உலர்ந்த கம்பளி என்று மூட வேண்டும். மூட்டுகளை மட்டும் மூடக்கூடாது. அவை அசைய வேண்டும். ஆறினால் மாற்ற வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை இப்படிச் செய்ய வேண்டும். வலி தணிந்த பிறகு தாதி தன் கையால் பிள்ளையின் காலை மெதுவாக மடக்கி நீட்டுவாள். பிறகுதான் முக்கியமான பாடம். எந்தத் தசை வேலை செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தொட்டுக் காட்டி, மனத்தை அங்கே வைத்துத் தானே அசைக்கச் சொல்லுவார். மறந்து போன எழுத்தை மறுபடி எழுதப் பழக்குவது போல, மறந்து போன அசைவைக் காலுக்குப் பழக்கினார். ஓர் ஆசிரியர் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எதிர்ப்பு

பிள்ளைகள் தேறுவதைக் கண்ட பெற்றோர்கள் அவரைக் கும்பிட்டார்கள். குவீன்ஸ்லாந்து அரசாங்கமும் 1934 முதல் சில நகரங்களில் அவர் முறைப்படி நடக்கும் மருத்துவ நிலையங்களைத் திறந்தது. ஆனால் டாக்டர்களுக்கு முன்னால் செய்து காட்டியபோது அவர்கள் ஏளனம் செய்தார்கள். காரணம் இரண்டு. ஒன்று, படிக்காத பெண் தங்களுக்குப் பாடம் நடத்துவதா என்ற கோபம். இரண்டாவது, கென்னி சொன்ன விளக்கம் அவர்களுக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை.

1935இல் அரசாங்கம் டாக்டர்களைக் கொண்ட ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1938இல் அறிக்கை வெளிவந்தது. கட்டுப் போட்டு அசையாமல் வைக்கும் முறையைக் கைவிடுவது பெருந்தவறு என்று அந்த அறிக்கை கென்னியின் முறையைக் கண்டித்தது. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். கென்னியோ அதற்கு முன்பே 1937இல் இங்கிலாந்து போய், கார்ஷால்டன் என்ற ஊரின் குழந்தைகள் மருத்துவமனையில் தம் முறையைச் செய்து காட்டியவர். திரும்பி வந்த பிறகு பிரிஸ்பேன் பொது மருத்துவமனையில் ஒரு வார்டு அவருக்குக் கிடைத்தது. நோய் கண்ட ஆரம்பத்திலேயே பிள்ளைகள் அவர் கைக்கு வந்தார்கள். அவர் பார்த்த பிள்ளைகளின் கை கால்கள் விறைக்காமல் இளக்கமாக இருக்கின்றன, சீக்கிரம் தேறுகிறார்கள் என்று அந்த மருத்துவமனையின் தலைமை டாக்டரே ஒத்துக்கொண்டார்.

கடல் கடந்த வெற்றி

1940ஆம் ஆண்டு குவீன்ஸ்லாந்து அரசாங்கம் பயணச் செலவு கொடுக்க, மகள் மேரியுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 59. அமெரிக்காவில் போலியோ பெரிய பயங்கரமாக இருந்த காலம் அது. அந்நாட்டு அதிபர் ரூஸ்வெல்ட்டே 1921இல் அந்த நோய் கண்டு கால் விளங்காமல் போனவர். ஆனாலும் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் கென்னிக்குச் சரியான வரவேற்பில்லை. ஊருக்கே திரும்பிவிடலாம் என்ற நிலையில் மின்னசோட்டா மாநிலம் போனார். அங்கே மினியாபொலிஸ் நகரத்து டாக்டர்களான கோல், நாப், போல் ஆகிய மூவர், தங்கள் நோயாளிகளைக் காட்டி, செய்து காட்டுங்கள் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தார்கள். தங்கள் கண்ணை நம்பினார்கள். தாங்கள் படித்ததற்கு மாறாக இருந்தும் நம்பினார்களே, அதுதான் பெருந்தன்மை.

1942ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி மினியாபொலிஸில் எலிசபெத் கென்னி பெயரிலேயே ஒரு நிலையம் திறக்கப்பட்டது. தாதிகளும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்களும் பல இடங்களிலிருந்து வந்து பயின்றார்கள். சில வருஷத்திலேயே மட்டையும் மாவுக்கட்டும் மருத்துவமனைகளிலிருந்து விடைபெறத் தொடங்கின. 1946இல் அவர் வாழ்க்கை ஆலிவுட்டில் சினிமாப் படமாக வந்தது. 1950இல் அமெரிக்க நாடாளுமன்றம், அவர் பாஸ்போர்ட் தொல்லையின்றி எப்போது வேண்டுமானாலும் வந்து போகலாம் என்று உரிமை கொடுத்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க மக்கள் மிகவும் போற்றும் பெண்மணி யார் என்று நடந்த கருத்துக் கணிப்பில், ரூஸ்வெல்ட்டின் மனைவியையும் முந்திக்கொண்டு முதலிடம் பெற்றார். குதிரை மேல் போன காட்டுப்புறத் தாதிக்கு வந்த பேரைப் பாருங்கள்!

அவர் சறுக்கிய இடங்கள்

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். ஆனால் மாணவர்களுக்குப் பொய் சொல்லக் கூடாதல்லவா? ஆகையால் இதையும் எழுதுகிறேன்.

கென்னி கண்ணால் கண்டது சரி. அதற்குச் சொன்ன காரணம் தவறு. நோய் தசையில்தான் இருக்கிறது என்று அவர் வாதாடினார். உண்மையில் கிருமி தாக்குவது முதுகுத் தண்டின் நரம்பு அணுக்களை. செத்துப் போன நரம்பு அணுவை எந்த ஒத்தடமும் எழுப்பாது. ஒத்தடம் வலியைத் தணிக்கும். அசைவு இருக்கிற பலத்தைக் காப்பாற்றும். அதற்கு மேல் செய்யாது.

தம்மிடம் வந்தவர்களில் இத்தனை பேர் குணமடைந்தார்கள் என்று அவர் சொன்ன கணக்கும் கூடுதலாகவே இருந்தது. இந்த நோயில் வைத்தியமே இல்லாமல் தானாகத் தேறுகிறவர்களும் நிறைய பேர் உண்டு. ஆகவே தேறியவர்களின் தலையை மட்டும் எண்ணினால் அது வைத்தியத்தின் பலனா, இயற்கையின் பலனா என்று எப்படித் தெரியும்? 1944இல் அமெரிக்க எலும்புச் சிகிச்சை நிபுணர் குழு ஒன்று இதைச் சொல்லித்தான் அவரைக் கண்டித்தது. அவருக்கோ மறுத்துப் பேசினால் ஆகாது. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தமக்கு உதவி செய்தவர்களிடமே சண்டை போட்டார். எல்லோரும் எதிர்த்தபோது அவரைத் தாங்கி நின்ற அதே பிடிவாதம், எல்லோரும் ஏற்றுக்கொண்ட பிறகு அவரைக் கற்றுக்கொள்ள விடவில்லை.

ஆனாலும் என்ன? கட்டிப் போடாதே, பழக்கு என்று அவர் காட்டிய வழிதான் இன்றைய மறுவாழ்வு மருத்துவத்துக்கு ஓர் அஸ்திவாரம். பக்கவாதம் வந்தவரையும் அறுவைச் சிகிச்சை செய்தவரையும் இப்போது சீக்கிரமே கட்டிலிலிருந்து எழுப்பி நடக்க வைக்கிறார்கள் அல்லவா? அந்த எண்ணம் வளர அவரும் ஒரு காரணம். மினியாபொலிஸில் அவர் தொடங்கிய நிலையம் கரேஜ் கென்னி என்ற பெயரில் இன்றும் நடந்து வருகிறது.

கடைசி நாட்கள்

முதுமையில் கென்னிக்கு நடுக்கு வாதம் கண்டது. பிறர் கை காலைப் பழக்கியவரின் கையே நடுங்கத் தொடங்கியது. 1951இல் சொந்த ஊர்ப்பக்கமான துவூம்பாவுக்குத் திரும்பினார். 1952 நவம்பர் 30ஆம் தேதி காலமானார். நோபி கிராமத்து இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். அதே 1952ஆம் ஆண்டுதான் அமெரிக்காவில் போலியோ மிகக் கடுமையாகப் பரவி, சுமார் 58,000 பேரைத் தாக்கியது.

மூன்றே வருஷத்தில், 1955 ஏப்ரல் 12ஆம் தேதி, டாக்டர் ஜோனஸ் சால்க் கண்டுபிடித்த தடுப்பூசி பலன் தருகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பிறகு டாக்டர் ஆல்பர்ட் சேபின் கண்டுபிடித்த சொட்டு மருந்தும் வந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகளைக் கூட்டி, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சால்க்கின் தடுப்பூசியை ஏற்றுக்கொண்டார்கள். கென்னியின் ஒத்தடம் நோய் வந்த பிறகு துணை. தடுப்பூசியோ நோயையே வாசலில் நிறுத்திவிட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்ல நினைத்தது

இப்போது என் சொந்தக் காரணத்துக்கு வருகிறேன். என் அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, தோட்டத்து லயத்தில் பிறந்தவர். நம் நாட்டில் 1972இல் போலியோ தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்குவதற்கு முந்திய காலம். நான்கு வயதில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் வலது கால் துவண்டுவிட்டது. பாட்டி வெளிக்காட்டு வேலையிலிருந்து ஓடி வந்து எண்ணெய் தடவினார், கயிறு கட்டினார், சாமிக்கு முடிந்து வைத்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது நாளாகிவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, தெரிந்ததைத்தான் செய்தார்கள். சித்தப்பா அன்றிலிருந்து தொடையில் கையை ஊன்றித்தான் நடப்பார்.

அவர் படிப்பில் கெட்டிக்காரர். ஒரு வருஷம் வகுப்பில் முதலாவதாக வந்தார். பரிசளிப்பு விழா அன்று அவர் பேரைக் கூப்பிட்டார்கள். ஆனால் ஊர் பார்க்க, இழுத்து இழுத்து மேடை ஏற வேண்டாம் என்று தாத்தா அவரைப் பின்னால் உட்கார வைத்துவிட்டார். என் அப்பாதான் மேடை ஏறி, தம்பிக்குப் பதிலாக அந்தப் பரிசை வாங்கி வந்தார். தாத்தா பாசமில்லாதவர் அல்ல. பிள்ளையை யாரும் பரிகாசம் செய்துவிடக் கூடாதே என்றுதான் பயந்தார். சித்தப்பா பிறகு தையல் பழகினார். நான் ஆறு வருஷமும் போட்டுக்கொண்டு போன பள்ளிச் சீருடை அவர் தைத்ததுதான். ஆசிரியர் பயிற்சி முடித்து நான் சான்றிதழோடு வந்த அன்று, அதை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தப் பரிசு விஷயத்தை முதல்முதலாக என்னிடம் சொன்னார்.

கென்னியின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. தாத்தா செய்ததும் ஒரு விதத்தில் மட்டை வைத்துக் கட்டியதுதானே? கோணிவிடுமோ என்று பயந்து அசையவிடாமல் வைப்பது. நாமும் நம் பிள்ளைகளை எத்தனை விதத்தில் இப்படிக் கட்டி வைக்கிறோம்! உனக்குக் கணக்கு வராது, நீ மேடையில் பேசாதே, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு விளையாட்டு என்று எத்தனை கட்டுகள்! அசையவிட்டால்தானே பலம் வரும்?

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். போலியோ போய்விட்டது என்று நினைத்துத் தடுப்பூசியை அலட்சியம் செய்யாதீர்கள். நம் நாட்டில் 1992க்குப் பிறகு 27 ஆண்டுகள் இந்த நோய் தலைகாட்டவில்லை. 2019 டிசம்பரில் சபா மாநிலத்தில் மூன்று மாதக் குழந்தைக்கு மறுபடியும் கண்டது. தடுப்பூசி போடாத பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கிருமிக்கு வழி கிடைத்துவிடும். அரசாங்கக் கிளினிக்கில் இந்த ஊசியை இரண்டு மாதக் குழந்தையிலிருந்து இலவசமாகவே போடுகிறார்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, தவணை தவறாமல் கொண்டு போங்கள். பிள்ளையின் கையோ காலோ திடீரென்று துவண்டால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசும் சான்றிதழும் வாங்குகிறவர்களுக்கு என் வாழ்த்து. சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கென்னி முறையாகப் படித்திருந்தால் தம் விளக்கம் எங்கே தப்பு என்று அவரே கண்டுபிடித்திருக்கலாம். பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும். ஆகவே படியுங்கள். ஆனால் படித்தது மட்டுமே உண்மை என்று இருந்துவிடாமல், கண் முன்னே இருப்பதையும் பாருங்கள். இன்று பரிசு கிடைக்காத பிள்ளைகளே, நீங்களும் மனம் தளராதீர்கள். உங்களுக்கும் ஒரு மெக்டோனல் கிடைப்பார். கிடைக்காவிட்டால் எங்களிடம் வாருங்கள். ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.

இந்த வருஷ விழாவுக்குச் சித்தப்பாவையும் அழைத்திருக்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முன் வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.